எங்கள் வீட்டுத் தோள்

கொல்லிமலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அருவிக்குப் போகிற வழியில் ஆட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமல் போக மாட்டார்கள். அதில் ஆடும் இல்லை, காலும் இல்லை. பாறை இடுக்கில் வளர்கிற கிழங்கு அது, மேலெல்லாம் செம்பட்டை மயிராக இருக்கும். தோலைச் சீவி இடித்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் கறிக்குழம்பு வாசம் தெருவரைக்கும் வரும். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கிக் குடிக்கலாம். என் மாமியார் அடுப்பில் மட்டும் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத்தான் அது ஏறும். காய்ச்சல், மூட்டுவலி, சளி எதற்கும் கிடையாது. கேட்டால், "பெத்துப் பொழச்சு வந்தவளுக்குத்தான் அது" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலையில் அந்தச் சூப்பைப் பெரிய டம்ளரில் ஊற்றி, கைக்குழந்தையோடு நின்றிருந்த என்னைத் தாண்டிப் போய், கட்டிலில் சாய்ந்திருந்த என் கணவரின் கையில் கொடுத்தார்.

"சூடாறுறதுக்குள்ள குடிச்சுப்போடு சாமி" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். என் கணவர் பிள்ளை எதுவும் பெற்றிருக்கவில்லை. இனிமேல் எங்களுக்குப் பிள்ளை பிறக்காமல் இருக்க, முந்தின நாள் கீழே போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு வந்திருந்தார். ஊசி குத்தின அளவுக்கு ஒரு துளை, அதன் மேல் ஒரு பிளாஸ்திரி. அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தப் பத்தியச் சாப்பாடு.

நான் இங்கே அரசுப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். பிறந்தது இதே மலையின் இன்னொரு பகுதியான பைல் நாட்டில், வாக்கப்பட்டது இந்த ஊரில். என் கணவருக்கு மிளகு, மரவள்ளி, கொஞ்சம் காப்பி. அவரைப் பற்றி யாரும் தங்கமான மனுஷன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவார். கண்ணெதிரே தொங்குகிற சட்டையைக் காணோம் என்று வீட்டைப் புரட்டுவார். அவர் குறட்டைக்குப் பயந்து எங்கள் மூத்த மகள் பாட்டியின் அறைக்குக் குடிபோய்விட்டாள். ஆனால் ஆள் பலசாலி. முழுப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு இன்னொன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார். அதைப் பார்க்க எனக்கு இன்னமும் பிடிக்கும், சொல்வதில் என்ன வெட்கம்.

இரண்டாவது பிரசவத்தில் எனக்கு நிலைமை மோசமாகிவிட்டது. வயிற்றைக் கிழித்துத்தான் பையனை எடுத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை. வழக்கமாக அப்போதே சேர்த்துச் செய்துவிடுகிற குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி நினைக்க அன்றைக்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. என்னை உயிரோடு வெளியே கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். இன்னொரு பிள்ளை தங்கினால் என் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. உடம்பில் இரத்தம் ஊறுகிறவரைக்கும் எனக்கு ஆபரேஷனும் செய்ய முடியாது.

என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஏனுங்க மேடம், அதை எனக்குப் பண்ண முடியாதுங்களா?" என்றார்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "தாராளமா பண்ணலாம். யாரும் கேக்கறதுதான் இல்ல."

நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது பெண்ணியம் பற்றி ஒரு கட்டுரைப் போட்டியில் பக்கம் பக்கமாக எழுதிப் பரிசு வாங்கியவள். அந்தக் கட்டுரையில் ஆண்கள் வந்தார்கள், எல்லாரும் வில்லன்களாக வந்தார்கள். இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு டாக்டரிடம் சந்தேகம் கேட்கிற ஆள் ஒருத்தரும் அதில் வரவில்லை. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மலை பஸ்ஸுக்காக நின்றபோது, ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன்.

"உன்னை உள்ள தள்ளிட்டுப் போனப்ப நான் கதவுக்கு வெளியில நின்னேன். ஒன்னும் பண்ண முடியல. இத்தன பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு சும்மா நின்னேன். இது ஒன்னு என்னால ஆவும்னு தோணுச்சு" என்றார். பஸ் வந்தது. முண்டியடித்து ஏறி எனக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்துவிட்டு, வளைவு ஆரம்பிப்பதற்கு முன்பே எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. பையனுக்கு ஐந்து மாதம் ஆகிறவரைக்கும் எங்கள் வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்துதான்.

"ஆம்பள ஒடம்புல கத்தி வச்சா தெம்பு போயிரும். அப்புறம் மரம் ஏற முடியுமா? மூட்டை தூக்க முடியுமா? அவளுக்கு ஒடம்பு தேறட்டும், அவளே பண்ணிக்கட்டும். நானு பண்ணிக்கலியா, இந்த ஊர்ல எல்லாரும் பண்ணிக்கலியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறும். வாய்க்குப் பேர்போனவள் நான், மாமியாரும் எனக்குச் சளைத்தவர் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மோதுகிறபோது நடுவில் இருக்கிற ஆள் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். திரும்பி வந்து, "நாயித்துக்கெழமை போறேம்மா" என்று அதையேதான் மறுபடியும் சொல்வார். ஒரு நாள் போயும்விட்டார். நான் ஆஸ்பத்திரி வாசலில் வாங்கின டீயைக் குடித்து முடிப்பதற்குள் வெளியே வந்து நின்றார். கொஞ்ச நாளைக்குக் கனமாக எதையும் தூக்கக்கூடாது, மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை, அதுவரைக்கும் ஜாக்கிரதை என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். ஏற்றத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், சிரித்தால் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார்.

அவ்வளவு சண்டை போட்ட மாமியார்தான் மறுநாள் காலையில் சூப் வைத்துக்கொடுத்தார். பிள்ளை வேண்டாம் என்று செய்துகொண்டதற்கும் பிள்ளை பெற்றதற்கும் அவர் அடுப்பில் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. எந்தத் தாய்க்கும் தன் மகன் கட்டிலில் படுத்தால் மூளை கொஞ்சம் குழம்பும்போல.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஊர் அதே வாரத்தில் நோம்பி சாட்டிவிட்டது, அம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் அம்மன் தேர் சக்கரத்தில் போவதில்லை. ஏற்றமும் இறக்கமுமான பாதை, தோளில்தான் தூக்க வேண்டும். நீளமான இரண்டு மரக்கொம்புகள் தேருக்கு அடியில் போகும். கொம்பில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு வீட்டுக்கு உரியது. அந்த வீட்டிலிருந்து ஒரு தோள் வந்து அந்த இடத்தில் நிற்க வேண்டும். முன்கொம்பில் இடது பக்கம் எங்கள் வீட்டுக்கு. எங்களுக்குப் பின்னால் பங்காளி வீடு. என் மாமனார் சீக்கிரமே போய்விட்டதால் என் கணவர் மீசை அரும்புவதற்கு முன்பே அந்த இடத்தில் போய் நின்றவர். வருஷம் முழுக்க அவர் எதற்கும் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை, தேர் அன்றைக்கு மட்டும் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நடக்கிற நடையே வேறாக இருக்கும்.

இந்த வருஷம் தூக்க முடியாது. அதற்கும் ஊரில் வழி இருக்கிறது. காய்ச்சல், சுளுக்கு என்று சொன்னால் அந்த வருஷத்துக்கு மட்டும் வீட்டு மாப்பிள்ளையை நிறுத்திக்கொள்ளலாம். என் நாத்தனார் வீட்டுக்காரர் பக்கத்து ஊர்தான், கூப்பிட்டால் வந்துவிடுவார். ஆனால் உடம்பில் குறை என்று ஆகிவிட்டால் அந்த ஆள் மறுபடி கொம்பைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் வேறு ஆண் தோளும் இல்லை, இருக்கிற இன்னொரு ஆண் அப்போதுதான் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தான். இடம் பின்னால் நிற்கிற பங்காளிக்குப் போகும். போனால் திரும்பாது.

மாமியார் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இடுப்புப் புடிச்சுக்கிச்சுன்னு சொல்லிப்போடு கண்ணு. யாருக்குத் தெரியப்போவுது? உங்கொப்பன் நின்ன எடம் அது" என்றார். குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

அவர் தன் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். என் உயிருக்காக அவர் செய்த காரியம் சுளுக்கு என்கிற பெயரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒளிந்துகொள்ளக்கூடாது. ஒளித்து வைத்தால் அது அவமானம் என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. ஆனால் அதைச் சொல்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. போகப்போவது அவர் நிற்கிற இடம். நான் பையனுக்குப் பால் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் பலா மரத்தடியில் நின்றோம், எல்லாம் காதில் விழும், பேசத்தான் மாட்டோம். ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். முன்கொம்பு என்றதும் என் கணவர் எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஒரு தடவை என் பக்கம் பார்த்தார்.

"இந்த வருசம் என்னால தூக்க முடியாதுங்க. குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டு வந்திருக்கேன். கனம் தூக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அடுத்த வருசம் தூக்கறேன்."

யார் வீட்டு மாட்டுக்கோ மடி வீங்கியிருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரைக்கும் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்த நிமிஷம் வேறு இல்லை.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருத்தர், "உம்பொண்டாட்டி டீச்சராச்சே, லீவு குடுக்கலியா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். பங்காளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்களைவிட மூத்தவர், நெட்டையான மனுஷர், கெட்டவரும் இல்லை. அந்த முன்னிடத்தின்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண், அவ்வளவுதான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. கத்தி பட்ட ஒடம்பு அம்மன் கொம்பைத் தொடலாமாங்கறதையும் பேசி முடிச்சுக்கறது நல்லதுங்க" என்றார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. ஊர்க்கவுண்டர் தாடையைச் சொறிந்தார். "அது யோசிக்கோணும். ஒடம்புல குறைன்னா..." என்று இழுத்தார்.

என் பக்கத்தில் சேலை உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் மாமியார் மரத்தடியை விட்டு நடுவில் போய் நின்றிருந்தார்.

"ஏனுங்க, கத்தி பட்டா குறைங்களா?" என்று ஆரம்பித்தார். "அப்ப பொங்கப் பான இனி யாரு வெக்கறதுன்னும் சேத்துப் பேசிருங்க. இந்த மரத்தடியில நிக்கறவுங்கள்ல கத்தி படாத வவுறு எத்தன இருக்குது? எனக்கு, அவளுக்கு, அந்தா நிக்கறாளே அவளுக்கு, எல்லாத்துக்கும் அறுத்துத்தான் இருக்குது. நாங்கதான் கோயில் மொழுகறோம். நாங்கதான் அம்மனுக்குத் தண்ணி கொண்டாறோம். இத்தன வருசம் குறையோடவா ஆத்தா சோறு தின்னுச்சு?"

பலா மரத்தடியில் ஒருத்தி "அதானே" என்றாள். இன்னொருத்தியும் சொன்னாள். நான் தனியாகக் கத்த வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன், என் முறையே வரவில்லை. ஐந்து மாதமாக என்னோடு மல்லுக்கட்டியவர் நான் எழுதிப் பரிசு வாங்கின கட்டுரையை மூச்சு விடாமல் பேசி முடித்திருந்தார்.

ஊர்க்கவுண்டர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஊர்க்கவுண்டர், "சரி, குறையில்லன்னே வச்சுக்குவோம். அடுத்த வருசம் தூக்கட்டும். இந்த வருசத்துக்கு மாப்பிள்ளைய வரச் சொல்லீருங்க" என்றார்.

"மாப்பிள்ள எதுக்குங்க? எங்க ஊட்டுல தோள் இல்லாமயா போச்சு?" என்றார் மாமியார்.

"உங்க ஊட்டுல யாரு?"

"நாந்தானுங்க."

இதற்கு ஊரில் விதி இல்லை. பெண் தூக்கலாம் என்றும் யாரும் சொல்லி வைக்கவில்லை, கூடாது என்றும் சொல்லி வைக்கவில்லை. அப்படி ஒரு சங்கடம் வரும் என்று எந்த முன்னோரும் நினைத்திருக்க மாட்டார். சளசளவென்று பேச்சு கிளம்பியது. கோயில் முக்குவரைக்கும் தோள் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையிடம் மாற்றிக்கொள்ளட்டும் என்று கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்.

தேர் அன்றைக்கு மாமியார் தலைக்குக் குளித்து, மகனுடைய துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். காலமெல்லாம் விறகும் தழையும் பலாவும் சுமந்த தோள். ஆனால் ஆள் குள்ளம். தேரைத் தூக்கியதும் முன்பக்க இடது மூலை அவர் தோளுக்கு இறங்கி, அம்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். "புடிங்க, புடிங்க" என்று சத்தம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் உயரமான ஆண்கள். அம்மன் நேராக நிற்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. எல்லாரும் முட்டியை மடக்கினார்கள். பின்னால் நின்ற பங்காளிதான் ரொம்பக் குனிய வேண்டியிருந்தது. பாதி உட்கார்ந்த வாக்கில் அவர் நடந்தார்.

கோயில் முக்கு வந்தது. மாப்பிள்ளை துண்டோடு தயாராக நின்றார். மாமியார் அவரைப் பார்க்கவே இல்லை. அப்படியே நடந்தார். என் கணவர் பையனைத் தோளில் சாய்த்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தேருக்கு முன்னால் பின்நடையாகவே போனார். "மெதுவாம்மா, கல்லு இருக்குது, எடது பக்கம் வா" என்று வழி சொல்லிக்கொண்டே போனார். அவர் முகத்தில் அந்தத் தேர் நாள் பெருமை அப்படியே இருந்தது. தான் தூக்கவில்லையே என்கிற வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. ஊரைச் சுற்றித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபோது மாமியார் நேராக நின்றார். ஆண்கள் எல்லாரும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் குடல் வலித்தது.

சாயங்காலம் வீட்டில் மறுபடியும் கிழங்கு வாசம். இந்தத் தடவை அடுப்படியில் நின்றது என் கணவர். மிளகைத் தட்டித் தும்மிக்கொண்டே போட்டார். டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் அம்மாவின் முன்னால் வைத்தார்.

"எனக்கெதுக்கு சாமி? நானென்ன புள்ள பெத்தனா?"

"நான் மட்டும் பெத்தனா? நீ ஆபரேசன் பண்ணிட்டு வந்தப்ப யாரு வச்சுக் குடுத்தா?"

அப்போது வாசலில் பங்காளியின் குரல் கேட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணலாக நின்றிருந்தார். எங்கள் வீட்டில் சொல்லாமல் விட்ட சுளுக்கு அவருக்கு நிஜமாகவே வந்துவிட்டது. தைலம் இருந்தால் கொடு என்று வந்தவர், தைலத்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். பிறகு என் கணவரின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏந் தம்பி, அது வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிங்கண்ணா."

"என்னைக் கேளு" என்றார் மாமியார், இடத்தை விட்டு அசையாமல். "வலின்னா என்னன்னு நானு சொல்றேன்."

சொன்னார். கீழே முகாமுக்கு லாரியில் கூட்டிக்கொண்டு போனது, வரிசையாகத் தரையில் படுக்க வைத்தது, திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, தையல் காய்வதற்கு முன்பே மரவள்ளி மூட்டை தூக்கியது, அது பிரிந்து சேலையெல்லாம் நனைந்தது, அதை ஒருத்தரிடமும் சொல்லாமல் ஓடையில் அலசியது. நானும் அவரும் எத்தனை ஆயிரம் வார்த்தை சண்டை போட்டிருக்கிறோம், இதில் ஒரு வார்த்தையும் நான் கேட்டதில்லை. கேட்கவும் தோன்றியதில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. நடுவில் பேச்சை மாற்றவில்லை. பங்காளி தைல சீசாவைக் கையில் உருட்டிக்கொண்டே கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லி முடித்து மாமியார் டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சு" என்று மகனிடம் நீட்டினார். "சுட வச்சுக் கொண்டா. இவனுக்கும் ஒரு டம்ளர் ஊத்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறவன்."

பங்காளி இல்லை என்று சொல்லவில்லை. என் கணவர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.